கிருமி வீட்டில் பிழை திருத்தும் இலாகா

சென்ற இதழில் வீட்டு மருந்துப் பெட்டியைச் சுத்தம் செய்வது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? மிச்சம் மீதி ஆன்டிபயாடிக் மாத்திரைகளை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த காய்ச்சலுக்கு நாமே எடுத்துப் போடக்கூடாது என்று அதில் ஒரு வரி. அதைப் படித்த சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிருமிக்கு மருந்து பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண் இல்லை, காது இல்லை, மூளை இல்லை. அதற்கு எப்படி அம்மா பழகும்?"

நல்ல கேள்வி. மைக்ரோபயாலஜி இரண்டாம் வருஷம் படிக்கும் என் பெண்ணிடம் கேட்டேன். "பழகறதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. காப்பி எடுக்கறப்போ தப்பு வருது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள். அவ்வளவுதானாமே! அவளுடைய புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாலு நாள் மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் பண்ணினேன். நான் பிளஸ் டூவோடு நின்றவள். எனக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது.

முதலில் பழகும் விஷயம். இதைத் தீர்த்து வைத்தது ஒரு வெல்வெட் துணி என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் எஸ்தர் லெடர்பெர்க் என்ற பெண்மணியும் அவர் கணவர் ஜோஷுவாவும் 1952ல் வெளியிட்ட சோதனை அது. கிருமி வளர்ப்பதற்கென்று பாயசத் தட்டு மாதிரி கண்ணாடித் தட்டு உண்டு. அதில் கிருமிகள் புள்ளி புள்ளியாக, கும்பல் கும்பலாக வளரும். அந்தத் தட்டின் மேல் வெல்வெட் துணியை மெள்ள அழுத்தி எடுத்தால், துணியின் ஒவ்வொரு மயிரிலும் கொஞ்சம் கிருமி ஒட்டிக்கொள்ளும். அதே துணியை இன்னொரு தட்டில் அழுத்தினால் எந்தப் புள்ளி எங்கே இருந்ததோ அங்கேயே அங்கேயே முளைக்கும். ரப்பர் ஸ்டாம்பு குத்துவது மாதிரிதான். இரண்டாவது தட்டில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கலந்து வைத்தார்கள். ஏறக்குறைய எல்லாம் செத்துப்போய், ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கிருமி வளர்ந்தது. உடனே மருந்தே படாத முதல் தட்டுக்குப் போய், அதே இடத்தில் இருந்த கிருமிகளை எடுத்துச் சோதித்தார்கள். மருந்தைக் கண்ணால் கூடப் பார்க்காத அந்தக் கிருமிகளிடையே, மருந்துக்கு மசியாதவை முன்னமேயே இருந்தன!

ஆக, மருந்து வந்து கிருமிக்கு ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை. ஆயிரத்தில், லட்சத்தில், கோடியில் ஒன்று ஏற்கெனவே மாறிப் பிறந்திருக்கிறது. மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்கிறது. (ஜோஷுவா லெடர்பெர்க்குக்கு வேறு இருவருடன் 1958ல் நோபல் பரிசு கிடைத்தது. வெல்வெட் வேலையில் பங்குகொண்ட மனைவியின் பெயர் அந்தப் பரிசில் இல்லை. இதை நான் சொன்னால் "ஆரம்பிச்சுட்டியா" என்பார் எங்கள் வீட்டுக்காரர்.)

சரி, மாறிப் பிறப்பது எப்படி? அங்கேதான் என் பெண் சொன்ன காப்பி வருகிறது.

நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். நுனிக்கு நுனி 500 பேரை வரிசையாகப் படுக்க வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளம். அத்தனூண்டு உடம்புக்குள் டி.என்.ஏ. என்ற ஏட்டில் சுமார் 46 லட்சம் எழுத்துகள் இருக்கின்றன. எழுத்து என்றால் நாலே நாலுதான்: ஏ, டி, ஜி, சி. 1997ல் முழு ஏட்டையும் படித்துவிட்டார்கள். ஏடு ஒற்றை இழை அல்ல, இரட்டை இழை. ஒரு இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி. ஜி இருந்தால் எதிரே சி. நம் ஜாக்கெட்டில் ஒரு பக்கம் ஹூக், எதிர்ப்பக்கம் அதற்கான வளையம் இருக்கிறதே, அப்படி.

கிருமி இரண்டாகப் பிரியுமுன் இந்த ஹூக்குகளையெல்லாம் கழற்றி, ஒவ்வொரு இழைக்கும் எதிரே புது இழை ஒன்றை எழுதிக்கொள்கிறது. ஒரு விநாடிக்குச் சுமார் 1000 எழுத்து வேகம். இரண்டு பக்கமாக ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டு போய் 40 நிமிஷத்தில் ஏட்டை முடித்துவிடுகிறது. இவ்வளவு அவசரத்தில் எழுதினால் தப்பு வராமல் இருக்குமா? பாட்டியின் சமையல் குறிப்பைக் காப்பி எடுக்கும்போதே நாம் "சிட்டிகை"யைச் "சிறங்கை" ஆக்கிவிடுகிறோம்.

முதல் கையெழுத்தில் ஏறக்குறைய லட்சம் எழுத்துக்கு ஒரு தப்பு வரும். எழுதுகிற அந்தப் புரதமே கொஞ்சம் பின்னால் நகர்ந்து, தப்பான எழுத்தைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சரியானதை வைக்கும். அதில் தப்பு, கோடிக்கு ஒன்று என்று குறைகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 46 லட்சம் எழுத்துள்ள ஏட்டுக்கு இது இரண்டு பிரதிக்கு ஒரு பிழை என்று ஆகிறது. போதாது. அதற்குத்தான் மூன்றாவதாக ஒரு இலாகா. பிழை திருத்தும் இலாகா என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இலாகாவில் முக்கியமாக மூன்று பேர். மியூட்-எஸ், மியூட்-எல், மியூட்-ஹெச் என்று பெயர். புரதங்கள்தான், ஆனாலும் ஆளாக நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. மியூட்-எஸ், எழுதி முடித்த ஏட்டைத் தடவிக்கொண்டே போகும். அவசரத்தில் ஜாக்கெட் ஹூக்கை மாற்றி மாட்டிவிட்டால் அந்த இடத்தில் துணி புடைத்துக்கொண்டு நிற்குமே, கண்ணாடி பார்க்காமலே விரலுக்குத் தெரியுமே, அதே மாதிரி ஜோடி மாறிய எழுத்துகள் இருக்கும் இடம் அதற்குத் தட்டுப்படும். உடனே அங்கேயே இறுகப் பிடித்துக்கொள்ளும். மியூட்-எல் வந்து சேர்ந்துகொண்டு, வெட்டுகிற ஆளான மியூட்-ஹெச்சைக் கிளப்பிவிடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு இரண்டு நாள் பிடித்தது இதுதான். ஏ-க்கு எதிரே டி இருக்க வேண்டிய இடத்தில் சி இருக்கிறது என்று வையுங்கள். ஜோடி சரியில்லை என்பது தெரிகிறது. ஆனால் எது தப்பு? ஏ தப்பா, சி தப்பா? பழைய இழை எது, புது இழை எது என்று தெரியாமல் திருத்தப் போனால், பாதித் தடவை சரியானதை அழித்துத் தப்பை நிலைநாட்டிவிடும்.

அதற்கு இயற்கை ஒரு உபாயம் வைத்திருக்கிறது. ஏட்டில் ஜி-ஏ-டி-சி என்று நாலு எழுத்தும் சேர்ந்து வரும் இடங்கள் ஏராளம். அந்த இடத்து ஏ எழுத்தின் மேல் வேறொரு புரதம் வந்து மீதைல் என்ற ஒரு சின்னப் பொட்டை வைத்துவிட்டுப் போகும். பழைய இழையில் இந்தப் பொட்டு இருக்கும். இப்போதுதான் எழுதிய புது இழைக்கு இன்னும் பொட்டு வைத்திருக்க மாட்டார்கள். அதற்குச் சில நிமிஷமாகும். அந்தச் சில நிமிஷத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். பொட்டு இல்லாத இழை எதுவோ அதில் மியூட்-ஹெச் ஒரு வெட்டு வெட்டும். பிறகு வேறு சிலர் வந்து அந்த வெட்டிலிருந்து பிழை இருக்கும் இடம் தாண்டும்வரை இழையை உரித்து எடுத்துவிடுவார்கள். சில சமயம் ஒரே எழுத்துக்காக 1000 எழுத்துக்கு மேல் போய்விடும். ஒரு தையல் கோணினதற்கு மடிப்பு முழுதையும் பிரித்துத் தைக்கிற நல்ல தையல்காரி மாதிரி. காலியான இடத்தைப் பழைய இழையைப் பார்த்து மறுபடி எழுதி, நுனியை ஒட்டிவிட்டால் முடிந்தது.

வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மோட்ரிச் இந்தக் கூட்டத்தையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து எடுத்து, 1989ல் சோதனைக் குழாயிலேயே வேலை செய்ய வைத்துக் காட்டினார். டி.என்.ஏ.யைச் செப்பனிடும் வெவ்வேறு வழிகளைக் கண்டுபிடித்த தாமஸ் லிண்டால், அஸீஸ் சன்ஜார் இருவரோடும் 2015ல் அவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மூன்றாவது சோதனையும் முடிந்தபின் மிஞ்சுவது ஆயிரம் கோடி எழுத்துக்கு ஒன்றோ இரண்டோ பிழைதான். அதாவது ஈ.கோலி சுமார் 1000 முறை தன் ஏட்டைக் காப்பி எடுத்தால் ஒரு பிழை தங்குகிறது. அச்சுப் பிழை பற்றி எழுதி எழுதி ஓய்ந்துபோன நம் வாசகிகள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்!

இப்போது ஒரு வேடிக்கை. பிழை திருத்தும் ஆட்களை உண்டாக்கும் குறிப்பும் அதே ஏட்டில்தானே எழுதியிருக்கிறது? மியூட்-எஸ்ஸின் ஜீனிலேயே ஒரு பிழை தங்கிவிட்டால் என்ன ஆகும்? தடவிப் பார்க்கிற ஆளே இல்லை. அதற்கப்புறம் அந்தக் கிருமியின் வம்சத்தில் பிழைகள் நூறு மடங்குக்கு மேலாகவே பெருகும். 1000 பிரதிக்கு ஒன்று என்றிருந்தது, பத்துப் பிரதிக்கு ஒன்று, அதற்கும் குறைவு என்று ஆகும்.

இப்படிப்பட்ட கிருமி உருப்படுமா? சாதாரணமாக உருப்படாது. கண்ணை மூடிக்கொண்டு நோட்டில் எழுத்தை மாற்றினால் ரசம் ருசிக்கவா போகிறது? பெரும்பாலும் கெட்டுத்தான் போகும். சௌகரியமாக இருக்கும் காலத்தில் இவை பின்தங்கிவிடும். ஆனால் சௌகரியம் இல்லாத காலத்தில், உதாரணமாக ஆன்டிபயாடிக் மழை பொழிகிறபோது, ஆயிரம் அசட்டுத் தப்புக்கு நடுவே ஒரு தப்பு உயிரைக் காப்பாற்றிவிடலாம். சீட்டு நிறைய வாங்கினவருக்குப் பரிசு விழ வாய்ப்பு ஜாஸ்தி, அவர் வீட்டுப் பணம் கரைந்தாலும். நோய் உண்டாக்கும் ஈ.கோலி, சால்மொனெல்லா கிருமிகளை 1996ல் அமெரிக்காவில் சோதித்தபோது, நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இப்படித் திருத்த ஆளில்லாத கிருமிகளாக இருந்தன. எதிர்பார்த்ததைவிட இது மிக அதிகம்.

மருந்து இல்லாமலே இது நடக்கும் என்பதையும் ஒருவர் கண்டார். ரிச்சர்ட் லென்ஸ்கி என்பவர் 1988 பிப்ரவரியில் ஒரே வம்சத்து ஈ.கோலியைப் 12 குடுவைகளில் போட்டு, கொஞ்சமே கொஞ்சம் குளுகோஸ் கொடுத்து வளர்க்க ஆரம்பித்தார். தினமும் நூற்றில் ஒரு பங்கைப் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். நாம் உறைக்குத் தயிர் எடுத்து வைப்பது மாதிரிதான், ஆனால் ஒரு நாள் தவறாமல். மிச்சிகனில் வருஷக் கணக்காக நடந்த இந்த வேலையை 2022ல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பேரிக் ஏற்றுக்கொண்டார். 10,000 தலைமுறை ஆவதற்குள் 12 குடுவையில் மூன்றில், பிழை திருத்தும் இலாகா கெட்டுப்போன கிருமிகளே முழுக்க முழுக்கப் பரவிவிட்டிருந்தன. 50,000 தலைமுறையில் பார்த்தால் ஆறு குடுவைகளில் பிழை வேகம் எகிறியிருந்தது. ஏதோ ஒரு நல்ல மாற்றம் அந்த வம்சத்தில் முதலில் விழ, கெட்ட இலாகாவும் அதோடு தொற்றிக்கொண்டு டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்துவிட்டது. பிறகு ஒரு குடுவையில் பிழைப் பாரம் தாங்காமல் வேகம் மறுபடி குறைந்தது என்றும் 2013ல் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் கெடுபிடி தளர்ந்தால் கொஞ்ச நாள் குஷிதான், அப்புறம்?

குடுவையில் நடந்தால் நமக்கென்ன என்கிறீர்களா? மனிதர் நுரையீரலிலும் நடக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பரம்பரை வியாதி ஒன்று. நம் பக்கத்தில் கேள்விப்படுவது குறைவு. பிறவியிலிருந்தே நுரையீரலில் சளி பிசின்போல் கெட்டியாகி, சூடோமோனஸ் என்ற கிருமி அதில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். வருஷக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஸ்பெயினில் இப்படி 30 நோயாளிகளைச் சோதித்து 2000த்தில் எழுதினார்கள். 11 பேரிடம் பிழை திருத்தாத சூடோமோனஸ் இருந்தது. அதே கிருமியால் திடீரென்று நோய் வந்த மற்றவர்கள் 75 பேரிடம் தேடினால் ஒருவரிடமும் இல்லை. அந்த 11 பேரின் கிருமிகள்தான் மருந்துகளுக்கு அதிகமாக முரண்டு பிடித்தன. மருந்தை நிறுத்தவும் முடியாது, கொடுத்தால் இப்படி. அந்தத் தாய்மார்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். மருந்துக்கு மசியாத குணம் எல்லாமே காப்பிப் பிழையால் வருவதில்லை. பக்கத்து வீட்டில் காப்பிப்பொடி கடன் வாங்குகிற மாதிரி, ஒரு கிருமி இன்னொரு கிருமியிடமிருந்து அதற்கான ஜீனை அப்படியே வாங்கிக்கொள்வதும் உண்டு. அது தனிக் கதை.

ஆனால் காச நோயில் கடன் வாங்கும் வழக்கம் கிடையாது. அங்கே எல்லாம் சொந்தப் பிழைதான். (அந்தக் கிருமி இனத்துக்கு மியூட்-எஸ்ஸும் மியூட்-எல்லும் கிடையவே கிடையாது. அந்த வேலையை வேறொரு புரதம் செய்கிறது என்று 2017ல் கண்டுபிடித்தார்கள்.) 1940களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது பல பேருக்கு முதலில் நன்றாகக் குணம் தெரிந்து, சில மாதத்தில் மருந்து கேட்காமல் போயிற்று. ஏன் என்று இப்போது நாமே கணக்குப் போடலாம். ஐசோனியாசிட் மருந்துக்கு மசியாதது சுமார் 10 லட்சம் கிருமிக்கு ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு மசியாதது சுமார் 10 கோடிக்கு ஒன்று. நுரையீரலில் ஒரு பொத்தலில் மட்டுமே 10 கோடிக் கிருமி இருக்கக்கூடும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் தப்பிப்பதற்கு ஆள் தயாராக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டு பிழையும் ஒரே கிருமியில் விழ வேண்டும். அது ஒரு கோடி கோடிக்கு ஒன்று. அத்தனை கிருமி ஒரு உடம்பில் இராது. வழக்கமான ஆறு மாத சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நாலு மருந்து கொடுப்பதன் சூட்சுமம் இதுதான். நாலில் எது வயிற்றைப் புரட்டுகிறதோ அதை மட்டும் நைஸாக விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள், டாக்டரிடம் போய் அதையே சொல்லுங்கள்.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் காச நோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆரம்பித்தார்கள். ஏழை நோயாளிகளைப் பாதிப் பேராகப் பிரித்து, சிலரை சானட்டோரியத்திலும் மற்றவர்களை அவரவர் குடிசையிலும் வைத்து, எல்லோருக்கும் ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் சேர்த்து ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959ல் அறிக்கை வந்தது. சத்தான சாப்பாடும் நல்ல காற்றும் படுக்கையும் குறைவாகக் கிடைத்தவர்கள் அவர்கள். மருந்து இரண்டும் தவறாமல் உள்ளே போயிற்று என்பதுதான் விசேஷம்.

போன வாரம் எங்கள் தெரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண், "அண்ணே, இந்தச் சீட்டுல இருக்கறதுல ரெண்டு வேளைக்கு மட்டும் குடுங்க. தேவைப்பட்டா நாளைக்கு வாங்கிக்கறேன்" என்றாள். அவரும் கத்தரியால் கத்தரித்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனால் டாக்டரிடமே "இவ்வளவு வாங்க முடியாது, விலை குறைந்ததாக எழுதுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறைக்கவும் வேண்டாம், நாமாக நீட்டவும் வேண்டாம். ஜலதோஷமும் மூக்கொழுகலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள். போட்டால், குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலிக் கூட்டத்தில் நல்லவை போய் முரண்டு பிடிப்பவை மிஞ்சும்.

பேனாவை மூடப் பார்த்தேன், மனம் வரவில்லை. கிருமி வீட்டு இலாகா நம் உடம்பிலும் இருக்கிறது. மியூட்-எஸ், மியூட்-எல் இரண்டுக்கும் பங்காளிகள் நம் ஒவ்வொரு செல்லிலும் வேலை செய்கின்றன. 1895ல் மிச்சிகனில் தையல் வேலை செய்துவந்த ஒரு பெண், "எங்கள் குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயில்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போவேன்" என்ற பொருளில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற டாக்டரிடம் சொன்னாளாம். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தாள். அவர் அந்தக் குடும்பத்தின் விவரங்களைத் திரட்டி 1913ல் எழுதிவைத்தார். இப்படிப்பட்ட குடும்பங்களின் குடல் கட்டிகளில், திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளில் குளறுபடி இருப்பதை 1993ல் கண்டார்கள். பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் பிழை திருத்தும் இலாகா கெட்டால் இதே குளறுபடிதான் வரும் என்பது சிலருக்குச் சட்டென்று பொறி தட்டியது. தேடினார்கள். 1993லும் 1994லும் மனிதரின் அந்த ஜீன்கள் இரண்டும் கிடைத்துவிட்டன. தையல்காரியின் குடும்பத்தில் கெட்டிருந்தது மியூட்-எஸ்ஸின் பங்காளி என்பதும் பிற்பாடு தெரிந்தது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர். அப்பா அம்மா யாரிடமிருந்தாவது பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பெண்களுக்குக் குடலோடு கர்ப்பப்பையையும் பிடிக்கும்.

ஆகையால் உங்கள் பிறந்த வீட்டில், அப்பா பக்கமோ அம்மா பக்கமோ, குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் ஒருவருக்கு மேல் வந்திருந்தால், அதுவும் 50 வயதுக்கு முன்னாலேயே வந்திருந்தால், யார், என்ன உறவு, எந்த வயதில், எந்த இடத்தில் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஜீன் சோதனை இருக்கிறது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையைக் காலாகாலத்தில் செய்துகொண்டால் கட்டியை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். பெரியம்மாவுக்கு "வயித்துல ஏதோ கட்டி" என்று மட்டும் சொல்லி மறைத்து வைத்திருப்பார்கள். அத்தைகளிடம் பக்குவமாக விசாரித்தால் சரியான பெயர் வந்துவிடும். மாதவிலக்கு நின்றபின் மறுபடி உதிரம் பட்டால், பரம்பரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.